போத்தலின் பின்பக்கம்

ஹபீல் ஹாஜியாரின் நெஞ்சுக்குள் இருக்கும் வால்வு உலோகத்தால் செய்தது. வீடு கொஞ்சம் அடங்கியிருந்தால், பக்கத்துக் கதிரையில் இருப்பவருக்கே அது டிக், டிக் என்று கேட்கும். மூன்று வருடங்களுக்கு முன்பு சத்திரசிகிச்சை முடிந்து அவர் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வந்த முதல் நாள், அவருடைய மனைவி சுவர் மணிக்கூட்டைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, அப்படியும் சத்தம் நிற்கவில்லையே என்று வீடு முழுக்கத் தேடினார். பிறகு அந்தச் சத்தம் எல்லோருக்கும் பழகிப்போனது. மகள் ஜஹானாவுக்கு மட்டும் பழகவில்லை.

காரணம் இருந்தது. வால்வில் இரத்தம் உறைந்து கட்டி பிடித்தால் அந்தச் சத்தம் மங்கிவிடும் என்று கிளினிக் டொக்டர் ஒருமுறை பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். சொன்னவர் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். கேட்டவளோ அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் பாடசாலைக்குப் புறப்படும் முன், வாப்பாவின் பக்கத்தில் எதையோ தேடுவதுபோலக் குனிந்து காதைக் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்குகிறாள். சத்தம் தெளிவாகக் கேட்டால் அன்றைக்கு அவளிடம் படிக்கிற பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நல்ல நாள்.

இரத்தம் உறையாமலிருக்க ஹாஜியார் அந்தியில் வார்ஃபரின் குளிசை குடிக்க வேண்டும். எவ்வளவு குடிப்பது என்பதை மாதமொருமுறை இரத்தத்தைப் பார்த்து ஓர் எண்ணை வைத்துச் சொல்வார்கள். எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். கூடினால் எங்காவது இரத்தம் கசியும். குறைந்தால் வால்வில் கட்டி பிடிக்கும். அந்தக் கட்டி கழன்று மூளைக்குப் போனால் கதை முடிந்தது. மூன்று வருடமாக இரண்டு தசம் எட்டு, இரண்டு தசம் ஒன்பது என்று அந்த எண் நல்ல பிள்ளையாக நின்றது. இரண்டு மாதத்துக்கு முன் திடீரென்று இரண்டு தசம் ஒன்றுக்கு இறங்கியது. அடுத்த முறை ஒன்று தசம் எட்டு. டொக்டர் குளிசையைக் கூட்டினார்.

ஜஹானாவுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். தெரியாமலென்ன, அவள் பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். விட்டமின் அட்டவணையைப் பன்னிரண்டு வருடமாகக் கரும்பலகையில் எழுதி எழுதி அழிக்கிறவள். ஏ கண்ணுக்கு, சீ பல்முரசுக்கு, டீ எலும்புக்கு, கே இரத்தம் உறைவதற்கு. வார்ஃபரின் செய்கிற வேலையே அந்தக் கேயின் கையைக் கட்டிப்போடுவதுதான். டொக்டர் ஒரு பக்கம் கையைக் கட்ட, இந்த வீட்டில் யாரோ மறுபக்கம் கட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். யார் என்பதுதான் கேள்வி. இந்த வீட்டில் அப்படிச் செய்யக்கூடியவர்கள் ஒருவர் இருவரல்ல.

முதலாமவன் தம்பி பஹீம். டோஹாவில் இருக்கிறான். கண்டிக்கு வருகிற எவனைக் கண்டாலும் அவன் பையில் ஒரு போத்தலைத் திணித்துவிடுவான். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, ஞாபகசக்திக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு சீனிப் போத்தல் அளவு. பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தமாதிரி எழுத்து. ஜஹானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். இருபத்திமூன்று விட்டமினும் கனியுப்பும், அதில் கேயும் இருந்தது. அன்றைக்கே டோஹாவுக்குப் போன் எடுத்தாள்.

“என்னத்துக்கு இதெல்லாம் அனுப்புற நீ? வாப்பாக்கு இது கூடாது எண்டு எத்தின தரம் சொன்ன நான்?”

“ராத்தா, அது விட்டமின்தானே, மருந்தில்லயே!”

அந்த வாக்கியத்தைக் கேட்டால் ஜஹானாவுக்கு உச்சந்தலையில் ஏறும். விட்டமின்தானே. மருந்தென்றால் பயப்படுவார்கள், டொக்டரைக் கேட்பார்கள், கொப்பியில் எழுதுவார்கள். விட்டமின் என்றால் விருந்தாளிக்கு பிஸ்கட் நீட்டுவதுபோல நீட்டுவார்கள். உடம்புக்கு இவ்வளவுதான் தேவை என்று ஓர் அளவு இருக்கிறது, அதற்குமேல் கொடுப்பதை உடம்பு நன்றி சொல்லி வாங்கிக்கொள்வதில்லை என்று அவள் வகுப்பில் சொல்வாள். பிள்ளைகள் எழுதிக்கொள்ளும். வீட்டில் சொன்னால் யாரும் எழுதுவதில்லை.

இரண்டாமவர் முஹ்ஸின் மாமா, உம்மாவின் தம்பி. அக்குறணையில் பலசரக்குக் கடை. வரும்போதெல்லாம் முருங்கையிலைத் தூள் ஒரு பொதி கொண்டுவருவார். தோடம்பழத்தைவிட ஏழு மடங்கு, பாலைவிட நாலு மடங்கு என்று மனப்பாடமாக ஒப்பிப்பார். முருங்கையிலையில் கேயும் எத்தனையோ மடங்கு என்று ஜஹானா சொன்னாள். “அப்ப இன்னும் நல்லந்தானே மகள்!” என்றார் மாமா. மாமாவோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று. சுவராவது தேத்தண்ணி கேட்காது.

ஜஹானா எல்லாவற்றையும் பறிமுதல் செய்தாள். போத்தல்கள், தூள்கள், யாரோ ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகள், எல்லாம் தன் அறை அலுமாரிக்குள் போயின. அதைப் பூட்டிய திறப்பு அவள் கைப்பைக்குள் போனது. உம்மாவைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள்:

“உம்மா, நல்லாக் கேட்டுக்கொள்ளுங்க. இதெல்லாம் வாப்பாக்கு நஞ்சு. என்னக் கேக்காம ஒண்டும் குடுக்க வேணாம்.”

“நான் என்னத்துக்கு மகள் குடுக்கப் போற? நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னாச் சரி.”

உம்மா அப்படிச் சொன்னது ஜஹானாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. இந்த வீட்டில் சொன்னதைக் கேட்கிற ஆள் உம்மா ஒருவர்தான். ஜஹானா பாடசாலைக்குப் போனபிறகு, எட்டு மணிக்கு வாப்பாவின் காலைக் குளிசைகளைக் கொடுப்பதும் உம்மாதான். குளிசைகளை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். வாப்பா அதைப் பார்க்கவும் மாட்டார். மனைவியின் கையில் எது இருக்கிறதோ அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். நாற்பத்திநாலு வருடக் குடித்தனத்தில் அவர் பழகிய வழி அது.

அப்படி எல்லாவற்றையும் பூட்டிய பிறகும் சந்தேகம் தீராமல் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை ஜஹானா மீன் வாங்கப் பாலத்தடிக்குப் போனாள். போன இடத்தில்தான் அந்தக் காட்சியைக் கண்டாள். சுபஹு தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து நேரே வீட்டுக்கு வருவதாகச் சொல்லும் ஹபீல் ஹாஜியார், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ராஜலிங்கத்தின் தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டு, இடது கையில் கித்துள் சக்கரைத் துண்டும் வலது கையில் கோப்பையுமாக நின்றார். கோப்பைக்குள் இருந்தது இலைக்கஞ்சி. பச்சை என்றால் பச்சை, நல்ல பாசிப் பச்சை.

ராஜலிங்கம் பன்விலவிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். அவரும் மனைவி இராஜகுமாரியுமாகப் பறித்து இடித்துச் சாறெடுத்த வல்லாரையும் சாத்தாவாரியும் கறிவேப்பிலையும்தான் அந்தக் கஞ்சியின் உயிர். தேயிலைத் தோட்டத்தில் வேலையை விட்டுவிட்டு இந்த வண்டியைத் தொடங்கி ஐந்து வருடமாகிறது. ஜஹானாவைக் கண்டதும் சிரித்தமுகத்தோடு இன்னொரு கோப்பையை எடுத்தார்.

“வாங்க டீச்சர், ஒங்களுக்கும் ஊத்தவா? சூடா இருக்குங்க.”

“இதில என்னென்ன இலை போட்டீக்கி?”

ராஜலிங்கம் பெருமையோடு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் ஜஹானாவின் முகம் ஒரு படி கறுத்தது. கடைசியில் அவள் வாப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“கிளினிக்ல டொக்டர் கேட்டாரே, கீரை நெறயச் சாப்பிடுறீங்களா எண்டு. இல்ல எண்டு சொன்னீங்களே வாப்பா!”

“கீரை சாப்பிடுறதில்லதானே மகள்,” என்றார் ஹாஜியார், கோப்பையைக் கீழே வைக்காமல். “இது கஞ்சி.”

“ஆமாங்க டீச்சர், இது கஞ்சிதானுங்க,” என்றார் ராஜலிங்கமும்.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறமாதிரி ஜஹானா வெடித்தாள். இடித்துச் சாறெடுத்தால் கீரை கீரையில்லாமல் போகுமா, கோப்பையில் ஊற்றினால் கே ஆவியாகப் போகுமா, ஒரு மனிசனின் உயிரோடு விளையாடுகிறீர்களா என்று கேட்டாள். ராஜலிங்கத்துக்கு கே என்றால் என்னவென்று தெரியாது. கையிலிருந்த வெறும் கோப்பையைத் துடைத்துக்கொண்டே நின்றார். இனிமேல் இவருக்கு ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது என்று ஜஹானா சொன்னதும், “சரிங்க டீச்சர்,” என்றார், ஏதோ திருடிப் பிடிபட்டவர் போல. மீன் வாங்காமலே அவள் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த நாளிலிருந்து ஹாஜியார் பள்ளியிலிருந்து நேரே வந்தார். வந்து முன்கதிரையில் உட்கார்ந்து பாதையைப் பார்த்தார். பத்திரிகையை விரித்தார், படிக்கவில்லை. குறை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜஹானா பதில் வைத்திருந்தாள். பரவாயில்லை, எண் ஏறட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

எண் ஏறவில்லை. கஞ்சியை நிறுத்தி இரண்டு கிழமை கழித்துப் பார்த்தபோது ஒன்று தசம் ஒன்பது. குளிசையையும் கூட்டி, கஞ்சியையும் நிறுத்தி, போத்தல்களையும் பூட்டி, கடைசியில் கிடைத்தது ஒரேயொரு தசம். கிளினிக்கில் புதிதாக வந்திருந்த டொக்டர் திலக்ஷன், யாழ்ப்பாணத்துப் பெடியன், கொப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“டீச்சர், அடுத்த செவ்வாய்க்கிழமையும் இரண்டுக்குக் கீழ நிண்டால் வார்ட்டிலதான் விடவேணும். ஊசி போடவேணும். இதோட வீட்ட வச்சிருக்கிறது சரியில்லை. வரேக்க வீட்டில இருக்கிற குளிசை, தூள், பாணி மருந்து எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக்கொண்டு வாங்கோ. இவர் குடிக்கிறது மட்டுமில்லை, வீட்டில ஆர் குடிக்கிறதெண்டாலும்.”

அந்த ஒரு கிழமை ஜஹானா வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. குசினி ராக்கைகளைத் துழாவினாள். வாப்பாவின் சட்டைப் பைகளைப் பார்த்தாள். கணவன் அமானின் இருமல் பாணியையும் விடவில்லை. அமான் மேல்மாடிப் படியில் நின்றுகொண்டு, “என்ட பல்தேய்க்கிற பேஸ்டையும் கொண்டு போங்க,” என்றான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் படியேறிவிட்டான்.

உம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு சோபாவில் இருந்தார். அது ஜஹானாவின் இன்னொரு எரிச்சல். மூன்று மாதத்துக்கு முன் உம்மாவுக்கு விட்டமின் டீ குறைவு என்று இரத்தப் பரிசோதனையில் வந்தது. ஜஹானாதான் டவுனுக்குப் போய், பாமஸியில் கேட்டு, நல்ல விலையில் ஓர் எலும்புக் குளிசைப் போத்தல் வாங்கி வந்தாள். முன்பக்கத்தில் கல்சியம், டீ த்ரீ என்று பெரிய எழுத்து. அதற்கு மேலே, உம்மா மறக்காமலிருக்க, மார்க்கர் பேனையால் தானும் எழுதி வைத்தாள்: தினமும் ஒன்று. ஒரு நாளும் விடக்கூடாது. அது முடிந்ததும் அடுத்த போத்தல், அதற்கும் அதே எழுத்து. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போத்தலைக் கவிழ்த்து எண்ணியும் பார்த்தாள். ஒன்றும் பிசகவில்லை, ஏழு நாளைக்கு ஏழு குறைந்திருந்தது.

“இவ்வளவு குடிச்சும் இன்னமும் நோகுதா உம்மா?”

“வயசுதானே மகள். குளிசை என்ன செய்ய?”

“கால நீட்டி எக்சசைஸ் செய்யச் சொன்ன, அது செய்யமாட்டீங்க. இந்த வீட்டில நான் மட்டும் பேசிப் பேசித் தொண்ட வறளுற!” என்று சொல்லிவிட்டு, ஆர் குடிக்கிறதெண்டாலும் என்று டொக்டர் சொன்னாரே என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் போத்தலையும் பைக்குள் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை மூவருமாகக் கிளினிக்குக்குப் போனார்கள். காலை ஏழு மணிக்கு இரத்தம் கொடுத்து, பத்தரைக்கு எண் வந்தது. ஒன்று தசம் ஆறு.

ஜஹானா மரவாங்கில் வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்கப் பார்த்தாள். நோயாளிகளின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

டொக்டர் திலக்ஷன் முதலில் வாப்பாவின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். ஸ்கேன் ஒன்றும் எழுதினார். “சத்தம் தெளிவாத்தான் இருக்கு. ஆனாலும் இண்டைக்கே வார்ட். சரி, பையைக் காட்டுங்கோ.”

இந்த நேரத்துக்காகத்தான் ஜஹானா காத்திருந்தாள். மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இது தம்பி டோஹாவிலிருந்து அனுப்பியது, பின்பக்கத்தைப் பாருங்கள், கே இருக்கிறது. இது மாமாவின் முருங்கைத் தூள், பாருங்கள். இது ஹஜ்ஜிலிருந்து வந்தது, எழுத்தே விளங்காது. கஞ்சிக்கதையையும் சொன்னாள். ஒரு வகுப்பு முழுவதையும் பற்றி அதிபரிடம் முறைப்பாடு வைக்கிறமாதிரி சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் மூச்சும் வந்தது.

டொக்டர் பொறுமையாகக் கேட்டார். “இதுகளைப் பூட்டி வச்சு எவ்வளவு நாள்?”

“ரெண்டு மாசம் ஆகப்போகுது.”

“அப்ப இதுகள் இல்லை. ரெண்டு மாசத்துக்குப் பிறகு இவ்வளவு கீழ இழுக்காது.” பைக்குள் கையை விட்டுக் கடைசியாக இருந்த போத்தலை எடுத்தார். திருப்பினார். பின்பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். “கே டூ. ஒரு குளிசையில நூறு மைக்ரோகிராம். இதை ஆர் குடிக்கிறது?”

“அது உம்மாட. எலும்புக்கு.”

“அவவுக்குப் பிரச்சினை இல்லை,” என்று டொக்டர் அதைத் தள்ளிவைத்தார்.

அப்போதுதான் ஹாஜியார் வாய் திறந்தார்.

“அது என்ட குளிசைதானே டொக்டர். பெரிய வெள்ள ஒண்டு. தொண்டைக்குள்ள சிக்கிற ஒண்டு. கிளினிக்ல தந்தது எண்டுதானே நெனச்சீக்கிற நான்.”

ஜஹானா மெதுவாகத் திரும்பி உம்மாவைப் பார்த்தாள். உம்மா முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“உம்மா! அத நீங்க குடிக்கல்லயா?”

“ஒரு நாளும் விடக்கூடாது எண்டு எழுதி ஈந்திச்சே மகள். ஒரு நாளும் விடல்ல நான். காலையில மத்தக் குளிசையோட சேத்து அவருக்குக் குடுத்திட்ட.”

“அது உங்களுக்கு வாங்கினது!”

“எனக்கென்ன மகள், முழங்கால்தானே. அவர்ட நெஞ்சு எலும்ப அறுத்துத் தொறந்து கம்பியால கட்டீக்கிற. எலும்புக்கு நல்ல குளிசை எண்டா அவருக்குத்தானே வேணும்?” உம்மா முந்தானை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார். “பஹீம் அனுப்பின எல்லாத்தையும் நஞ்சு எண்டு நீங்க பூட்டி வெச்ச. மத்தவங்க தந்த ஒண்டையும் குடுக்கல்ல நான். அல்லாஹ் மேல ஆணை, ஒண்டும் குடுக்கல்ல. இது நீங்க வாங்கினது. நீங்க வாங்கினதில பிழை ஈக்கும் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

ஜஹானா போத்தலைக் கையில் எடுத்தாள். முன்பக்கத்தில் அவளுடைய கையெழுத்து, கரும்பலகையில் எழுதுகிற அதே உருண்டை எழுத்து. பின்பக்கத்தைத் திருப்பினாள். எறும்பு ஊர்ந்தமாதிரி எழுத்தில் ஐந்தாவது வரியில் அது இருந்தது. பஹீமின் போத்தல்களில் ஒவ்வொரு வரியாகப் படித்தவள். மாமாவின் தூளுக்கு இணையத்தில் தேடிப் பார்த்தவள். தான் வாங்கிய போத்தலின் பின்பக்கத்தை ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அதைக் கவிழ்த்து எண்ணியிருக்கிறாள். எண்ணியிருக்கிறாளே தவிரப் படிக்கவில்லை.

யார்மேலாவது கோபப்பட்டால் கொஞ்சம் இலேசாக இருக்கும். கோபம் வந்தது, போக இடமில்லாமல் நின்றது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

டொக்டர் திலக்ஷன் நல்ல மனிதர். யாரையும் குற்றம் சொல்லாமல் கொப்பியில் எழுதத் தொடங்கினார். அந்தக் குளிசையை இன்றோடு நிறுத்த வேண்டும், ஆனால் அதை ஈடுகட்டக் கூட்டிய வார்ஃபரினையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் மறுபக்கம் ஏறி இரத்தம் கசியும், அதனால் வார்ட்டில் வைத்து நாளாந்தம் பார்ப்போம் என்று விளங்கப்படுத்தினார். எழுதி முடிக்கிற நேரம் ஹாஜியார் கதிரையில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார்.

“டொக்டர், அப்ப அந்தக் கஞ்சி?”

“எவ்வளவு காலமாக் குடிச்சனீங்கள்?”

“ஒப்பரேசனுக்கு முந்தியும் குடிச்ச, பிந்தியும் குடிச்ச. நாளைக்கு ஒரு கோப்பை. கூடவும் இல்ல, குறையவும் இல்ல.”

“அப்ப அதை நிப்பாட்டியிருக்கத் தேவையில்லை. நீங்கள் ஒவ்வொரு நாளும் ஒரே அளவு குடிச்சபடியா, அதையும் சேர்த்துத்தான் உங்கட குளிசை அளவு நிண்டிருக்கு. எங்களுக்குப் பிரச்சினை, இண்டைக்கு ஒரு கட்டு கீரை, நாளைக்கு ஒண்டுமில்லை எண்டிறதுதான். வீட்ட போனபிறகு ஒரு கோப்பை குடியுங்கோ. ஆனா அந்த ஒண்டுதான், ஒவ்வொரு நாளும்.”

ஹாஜியார் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதது வாப்பாவின் பெருந்தன்மை. ஜஹானாவுக்கு அதுவே தாங்கமுடியாமல் இருந்தது.

ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. அதைக் கேட்டபிறகுதான் அவள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒருபாட்டம் அழுதாள். வயிற்றில் ஊசி போட்டு, எண்ணை ஏற்றி இறக்கி, ஒன்பதாவது நாள் இரண்டு தசம் ஏழில் ஹாஜியாரை வீட்டுக்கு விட்டார்கள்.

அந்த ஒன்பது நாளும் உம்மா ஜஹானாவைக் கேட்காமல் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பெரிய தண்டனை. “மகள், வாப்பாக்கு இந்த பிஸ்கட் குடுக்கலாமா?” “மகள், இந்த அன்னாசி?” “மகள், தண்ணி?” கேட்பதில் குத்தல் எதுவும் இல்லை, உம்மாவுக்குக் குத்தத் தெரியாது. முழு நம்பிக்கையோடு கேட்டார். ஒவ்வொரு முறையும் ஜஹானா சாமானை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். அன்னாசிக்குப் பின்பக்கம் இல்லாதபடியால் டொக்டருக்குப் போன் எடுத்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அவள் பிளாஸ்க்கோடு பாலத்தடிக்குப் போனாள். ராஜலிங்கம் அவளைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஹாஜியாருக்கு நா ஊத்தலீங்க டீச்சர். சத்தியமா ஊத்தல.”

“தெரியும்,” என்றாள் ஜஹானா. மன்னிப்புக் கேட்பது அவளுக்கு வராத கலை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் அன்றைக்குப் பார்த்தவர்களாக இருக்குமோ என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு அவர்களுக்கும் கேட்கிறமாதிரியே சொன்னாள். “பிழை என்னில. உங்கட கஞ்சில ஒரு பிழையும் இல்ல. ஹாஜியாருக்கு ஒரு கோப்பை ஊத்துங்க, எப்பவும் குடிக்கிற அளவு.”

ராஜலிங்கத்தின் முகம் மலர்ந்தது. ஹாஜியார் குடிக்கிற கோப்பையைத் தேடி எடுத்து, விளிம்புவரை அளந்து, பிளாஸ்க்கில் ஊற்றினார். “அம்மாவுக்கும் ஒண்ணு கொண்டுக்கிட்டுப் போங்க டீச்சர், மொழங்கால் வலின்னு ஹாஜியாரு சொல்லுவாரு,” என்று இன்னொரு கோப்பையையும் தன் செலவில் ஊற்றிவிட்டார்.

வீட்டில் ஜஹானா இரண்டு கோப்பைகளை எடுத்துச் சரிசமமாகப் பிரித்து மேசையில் வைத்தாள். முதலில் உம்மாவுக்கு, பின்பக்கம் படித்து, டொக்டருக்கும் காட்டி வாங்கி, இரண்டு பேனைநிறத்தில் உம்மாவின் பெயரெழுதிய புதுப் போத்தலிலிருந்து ஒரு குளிசை கொடுத்தாள். உம்மா விழுங்கும்வரை முன்னால் நின்றாள். வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். உம்மாவும் காட்டினார்.

திரும்பிப் பார்த்தால், வாப்பா தன் கோப்பையில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை உம்மாவின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

“வாப்பா! ஒரு கோப்பை முழுசாக் குடிக்கணும் எண்டு டொக்டர் சொன்னாரே! அளவு மாறக்கூடாது எண்டு எத்தின தரம் சொல்லுற நான்?”

“அளவு மாறல்ல மகள்,” என்றார் ஹபீல் ஹாஜியார். அதற்குள் உம்மா தன் கோப்பையில் பாதியைக் குடித்துவிட்டு அவர் முன்னால் வைத்திருந்தார். அவர் அதை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். “பாதியும் பாதியும் ஒண்டுதானே?”

விஞ்ஞான டீச்சர் கதிரையை இழுத்து வாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதையும் தேடுவதுபோல நடிக்காமல், காதை நேரே அவர் நெஞ்சில் வைத்தாள். டிக், டிக் என்று தெளிவாகக் கேட்டது.

“மகள்,” என்றார் உம்மா, சக்கரைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, “இது குடுக்கலாமா?”